கூரையை அளக்காமல் ஏசி வாங்குவதா?

கச்சான் காற்று தொடங்கிவிட்டால் ஏறாவூரில் சீற் போட்ட அறைகளில் மத்தியானத்துக்குப் பிறகு இருக்க முடியாது. ஏசி வாங்கப் போனால் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: அறை எத்தனைக்கு எத்தனை? பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி என்றால் 9,000 அல்லது 12,000 பிடியு. மேலே ஓடா, சீற்றா, கொங்கிறீற் தட்டா என்ற பேச்சே எழுவதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

அந்த அறை சுமார் 13.4 சதுர மீற்றர். வெறும் அஸ்பெஸ்டஸ் சீற் வெயிலில் 60 பாகை செல்சியஸுக்குச் சூடேறியிருக்க, உள்ளே 26 பாகை வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். கூரை வழியாக மட்டும் ஏறத்தாழ 2,500 வாற் வெப்பம் இறங்கும். மணிக்கு 8,500 பிடியு! 9,000 பிடியு இயந்திரம் கூரையோடு மல்லுக்கட்டியே களைத்துவிடும். சுவர், யன்னல், ஆட்கள், வாவிக்கரையின் ஈரப்பதம் எல்லாம் இன்னும் கணக்கில் சேரவில்லை. அதே அறைக்குச் சீலிங் அடித்து, மேலே இரண்டு அங்குலக் கண்ணாடிப் பஞ்சு விரித்தால் கூரை வழி வரும் வெப்பம் 300 வாற்றுக்குள் அடங்கும்.

இலண்டனிலும் டொரண்டோவிலும் ஹீற்றரின் அளவைத் தீர்மானிப்பதும் இதே கணக்குத்தான்: பரப்பு, வெப்பநிலை வேறுபாடு, இடையில் நிற்கும் பொருளின் தடுக்கும் திறன். அங்கே வெப்பம் வெளியே போகிறது, இங்கே உள்ளே வருகிறது. இலங்கையில் ஹீற்றர் கணக்கு நுவரெலியா போன்ற மலைநாட்டு ஊர்களுக்கே தேவைப்படும்.

பள்ளிவாசலுக்கு வேறு கணக்கு. அமைதியாக இருக்கும் ஒருவரின் உடல் சுமார் 100 வாற் வெப்பம் விடும். ஜும்ஆவுக்கு 300 பேர் கூடினால் 30 கிலோவாற். அதைத் தணிக்கவே எட்டரைத் தொன் குளிரூட்டல் வேண்டும். அங்கே ஆட்களும் பெரிய சுமை. உயர்ந்த முகடும் எதிரெதிர் யன்னல்களும் மின்விசிறியும் தரும் பயனை முதலில் பார்ப்பது நல்லது.

இலங்கை நிலைபேறான வலு அதிகாரசபை 2008இல் வெளியிட்ட, வலுச் சிக்கனத்துக்கான கட்டட விதிக்கோவை பெரிய கட்டடங்களுக்கானதாகவே இருந்தது. சாதாரண வீடு அதற்குள் வரவில்லை. ஆகவே ஏறாவூர் நகர சபை வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது கூரைக்கு என்ன பொருள், என்ன நிறம், அடியில் என்ன தடுப்பு என்று கேட்க வேண்டும். சுத்தமான வெள்ளைப் பூச்சு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். மாதாமாதம் வரும் மின்கட்டணத்தோடு பார்த்தால் அதன் செலவு சிறியது.