ஓதவும் வேண்டும், ஓடவும் வேண்டும்



மே மாதம் நெருங்கிவிட்டால் நம் பள்ளிவாசல்களின் அறிவிப்புப் பலகையில் கோடைகால தர்பியா முகாம் பற்றிய செய்தி இடம்பெற்றுவிடுகிறது. பிள்ளையின் பெயரைப் பதிவு செய்ய வரும் பெற்றோரில் பெரும்பாலோர் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஸூரா மனனம் செய்ய வைப்பீர்கள்?" என்பதே. "என் பிள்ளைக்கு இங்கே நல்ல நண்பர்கள் கிடைப்பார்களா?" என்று கேட்போர் அரிது. முகாமைப் பொறுப்பேற்று நடத்தும் நாங்களும் அந்த முதல் கேள்விக்கு ஏற்பவே எல்லாவற்றையும் அமைத்துப் பழகிவிட்டோம். அது பிழை என்பதை வெளிப்படையாகச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரத்தை விளையாட்டுக்கென ஒதுக்கியிருந்தோம். சிறுவர்களுக்குக் கைப்பந்து; மதரஸாவின் சுற்றுச்சுவருக்குள் சிறுமிகளுக்கு வளையப்பந்து. மூன்றாம் நாளே ஒரு தந்தை வந்து, "விளையாடத் தெருவில் இடமில்லையா? அதற்குப் பள்ளிவாசல் எதற்கு?" என்று கேட்டார். மறுநாள் வேறு சிலரும் அதையே கேட்டனர். நாங்கள் பணிந்துவிட்டோம். சிறுமிகளின் விளையாட்டை முற்றிலும் நிறுத்தினோம். சிறுவர்களுடையதைக் கால் மணி நேரமாகச் சுருக்கினோம். நிறைவு விழா சிறப்பாகவே நடந்தது. பிள்ளைகள் மேடையேறி கிராஅத் ஓதினர். பெற்றோர் கைப்பேசியில் படம் பிடித்து மகிழ்ந்தனர். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த பிறகு மஃரிப் ஜமாஅத்தில் அந்தப் பிள்ளைகளைத் தேடினோம். விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தனர். மனனம் செய்த ஸூராக்களும் பலருக்கு மறந்துபோயிருந்தன. நாம் மேடையைத்தான் வென்றோம், பிள்ளைகளை இழந்தோம்.

தம்மைத் தொழக் கண்டவாறே தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தியை அறியாத முஸ்லிம் வீடு நம்மிடையே இருக்காது. கைகளை எங்கே கட்டுவது, விரலை எவ்வாறு அசைப்பது என்ற விவாதங்களிலெல்லாம் அதையே எடுத்துக்காட்டுகிறோம். ஆனால், அது யாரிடம் கூறப்பட்டது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் ஏறத்தாழ ஒத்த வயதுடைய இளைஞர்கள் சிலரும் மதீனா வந்து நபியவர்களிடம் 20 நாள்கள் தங்கியிருந்தனர். இன்றைய வழக்கில் சொன்னால் அதுவும் ஓர் இளைஞர் முகாமே. அவர்கள் வீட்டை எண்ணி ஏங்கத் தொடங்கியதை நபியவர்கள் தாமாகவே உணர்ந்தார்கள். யாரையெல்லாம் விட்டு வந்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று கற்றதைக் கற்பிக்குமாறு பணித்தார்கள். நமக்கு நன்கு தெரிந்த அந்தக் கட்டளை அப்போது கூறப்பட்டதே. ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள இச்செய்தியில், மாலிக் (ரலி) அவர்கள் அந்த நாள்களை நினைவுகூரும்போது நபியவர்களின் இரக்கத்தையும் மென்மையையும்தான் குறிப்பிடுகிறார்கள். நம் முகாமை விட்டுச் செல்லும் பிள்ளை நம்மைப் பற்றி வீட்டில் என்ன சொல்லும்?

"விளையாட்டு நேரத்தை எடுத்துவிட்டு இன்னொரு வகுப்பைச் சேர்க்கலாமே" என்போருக்கும் அதே நூலில் விடை உண்டு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமைதோறும் மக்களுக்கு உபதேசம் செய்துவந்தார்கள். தினந்தோறும் செய்யலாமே என்று ஒருவர் வேண்டியபோது அவர்கள் இணங்கவில்லை. சலிப்பு ஏற்பட்டுவிடக் கூடாது என்பதற்காக நபியவர்களும் இடைவெளிவிட்டே உபதேசித்தார்கள் என்று காரணம் கூறினார்கள். நபித்தோழரின் உபதேசமே அளவுக்கு மிஞ்சினால் சலிக்கும் என்றால், நம் வகுப்புகள் எம்மாத்திரம்?

பள்ளிவாசலில் விளையாட்டு எதற்கு என்ற கேள்விக்கு வருவோம். பெருநாளன்று அபிசீனியர்கள் நபியவர்களின் பள்ளிவாசலுக்குள்ளேயே ஈட்டிகளைக் கொண்டு விளையாடினர். உமர் (ரலி) அவர்கள் தடுக்க முற்பட்டபோது, விட்டுவிடுமாறு கூறியவர்கள் நபியவர்கள். அவ்விளையாட்டைக் கண்டு களித்தவர் இளம் வயதினரான அன்னை ஆயிஷா (ரலி). அவர்களுக்குப் போதும் என்றாகும்வரை நபியவர்கள் பொறுமையோடு நின்றுகொண்டிருந்தார்கள். அன்னையின் பொம்மைகளும், நபியவர்களோடு அவர்கள் ஓடிய ஓட்டப் பந்தயமும் நபிமொழி நூல்களில் பதிவாகியுள்ளன. விளையாட்டுக்கு நாம் காட்டும் ஆதாரங்களில் பல ஓர் இளம்பெண்ணின் வாழ்விலிருந்து கிடைத்தவை. அவ்வாறிருக்க, நெருக்கடி வந்ததும் சிறுமிகளின் விளையாட்டை முதலில் நிறுத்திய எங்கள் செயலுக்கு எந்த ஆதாரமும் இல்லை. அது கோழைத்தனம்; அதற்காக அச்சிறுமிகளிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பெற்றோரின் கவலை பொய்யானதென்று நாங்கள் கூறவில்லை. ஆண்டு முழுவதும் பள்ளிக்கூடமும் டியூஷனும் பிள்ளையை விழுங்குகின்றன. எஞ்சிய நேரம் கைப்பேசிக்குப் போய்விடுகிறது. இந்த ஒரு மாதமாவது மார்க்கம் கற்கட்டும் என்று நினைப்பது நியாயமே. யஃகூப் (அலை) அவர்களிடம் மூத்த பிள்ளைகள், யூஸுஃபை விளையாட அனுப்புமாறு கேட்டதைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. அத்தந்தை விளையாட்டைக் குறை கூறவில்லை. இவர்கள் கவனமின்றி இருக்கும்போது ஓநாய் தின்றுவிடுமோ என்றே அஞ்சினார்கள். இறுதியில் ஓநாய் எத்தீங்கும் செய்யவில்லை. அழைத்துச் சென்றவர்களே அமானிதத்தைப் பாழாக்கினார்கள். எங்களைப் போன்ற பொறுப்பாளர்கள் மறக்கக் கூடாத படிப்பினை இது.

ஆகவே, இளைஞர் வட்டம் என்ற பெயரில் போட்டிகளை மட்டும் நடத்தி, ஆட்டம் முடியட்டும் என்று மஃரிபைத் தள்ளிப்போடுவோரின் பக்கம் நாங்கள் இல்லை. அவர்களைப் பெற்றோர் கண்டிப்பதும் முறையே. பிள்ளையின் பாதுகாப்பு, நேரந்தவறாத தொழுகை, நாவடக்கம் ஆகிய மூன்றையும் எங்களிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. குறைவைத்தால் கணக்குக் கேளுங்கள். ஆனால், உறவினர்முன் காட்டி மகிழ்வதற்கான ஒரு மேடையைக் கேட்காதீர்கள். பிள்ளையின் சிரிப்பை விலையாகக் கொடுத்து அதை வாங்க வேண்டியிருக்கிறது.

இன்ஷா அல்லாஹ், இவ்வாண்டு அந்த ஒரு மணி நேரம் இருபாலருக்கும் திரும்ப வரும். மனனப் பாடம் குறைவாக இருக்கும். ஆனால் பொருளோடு இருக்கும். நிறைவு விழாவுக்கு மாற்றாக, ஒரு நாள் அஸருக்குப் பெற்றோரை அழைப்போம். பிள்ளைகளோடு தொழுங்கள், பின்னர் தந்தையர் மைதானத்திலும் தாய்மார் மதரஸா வளாகத்திலும் அவர்களோடு விளையாடுங்கள். வீடு திரும்பும் பிள்ளையிடம் "இன்று என்ன ஓதினாய்?" என்று கேட்டுவிட்டு, "யாரோடு விளையாடினாய்?" என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் மலர்ந்த முகத்தோடு விடை சொல்லும் பிள்ளை, முகாம் முடிந்த பின்னும் பள்ளிவாசலைத் தேடி வரும் என்று நம்புகிறோம்.

நம் பிள்ளைகளின் உள்ளங்களை வல்ல அல்லாஹ் பள்ளிவாசலோடு பிணைத்து வைப்பானாக! ஆமீன்.