காற்றில்லாமல் பறக்கும் கொடி

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பூவார் வட்டாரத்தில் போர்டு அடித்துத் தரும் கடைகளுக்குக் கை ஓயாது. சுதந்திர தினம், அதையொட்டி ஓணம், இடையில் ஏதாவதொரு கிளப்பின் ஆண்டு விழா. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லை கிழிக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பேச்சு மட்டும் இன்றும் இரண்டு பக்கமும் கலந்துதான் இருக்கிறது. போர்டில் எழுத்து மலையாளமோ தமிழோ, மூலையில் ஒரு படம் மாறுவதில்லை. அலை அலையாகப் பறக்கும் மூவர்ணக் கொடி.

அந்தக் கொடியைச் சற்று நின்று பாருங்கள். பல போர்டுகளில் அது துணிபோல இருக்காது. கூரைக்குப் போடும் நெளி தகரம்போல இருக்கும். கம்பத்தில் கட்டிய ஓரமும் சேர்ந்து நெளியும். சக்கரம் நசுங்கிய வளையலாகியிருக்கும். காரணம் எளிது. படம் திருத்தும் சாஃப்ட்வேரில் 'வேவ்' என்றொரு ஃபில்டர் இருக்கிறது. அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வேலை முடிந்தது என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஃபில்டருக்குக் கம்பம் எங்கே, காற்று எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் தெரியாது. படம் முழுவதையும் ஒரே அளவில் ஆட்டிவிடும்.

நிஜக் கொடி அப்படி ஆடாது. கம்பத்தோரம் கட்டுண்டு கிடக்கிறது, அதனால் அங்கே அசைவு குறைவு. அலை கம்பத்தருகே சிறிதாகப் பிறந்து, வெளி ஓரத்தை நோக்கி ஓடும்போது பெரிதாகிறது. காற்று வீசும்போது கொடி ஏன் விறைப்பாக நிற்காமல் படபடக்கிறது என்பது விஞ்ஞானிகளையும் நீண்ட காலம் யோசிக்க வைத்த கேள்வி. 2000ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஒரு குழு, ஓடும் சோப்புப் படலத்தில் ஒரு நூலைத் தொங்கவிட்டுப் பரிசோதித்தது. நூல் குட்டையாக இருந்தால் நேராக நின்றது. நீளம் ஓர் அளவைத் தாண்டியதும் கொடிபோல ஆடத் தொடங்கியது. ஓட்டத்தின் வேகம், துணியின் எடை, நீளம், விறைப்பு எல்லாம் சேர்ந்துதான் ஆட்டத்தை முடிவு செய்கின்றன.

காற்றே இல்லாத இடத்திலும் கொடியைப் பறப்பதுபோலக் காட்டியவர்கள் உண்டு. 1969 ஜூலையில் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் நட்ட கொடியின் மேல் விளிம்பில் ஒரு குறுக்குக் கம்பி இருந்தது. அதை முழுதாக இழுத்து நீட்ட முடியாமல் போனதால் துணியில் சுருக்கம் விழுந்தது. புகைப்படத்தில் அது காற்றில் அலைவதுபோலத் தெரிந்தது. கம்ப்யூட்டரில் நாம் செய்யப்போவதும் இதுதான். காற்றை உண்டாக்கப் போவதில்லை, சுருக்கத்தை மட்டும்.

வேலைக்கு வருவோம். போட்டோஷாப் இருந்தாலும் சரி, காசில்லாமல் கிடைக்கும் ஜிம்ப் இருந்தாலும் சரி, முறை ஒன்றுதான்.

முதலில் தட்டையான கொடி சரியாக இருக்க வேண்டும். நீளமும் அகலமும் 3க்கு 2. மூன்று பட்டைகளும் சம அகலம். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கணக்குப்படி 1800 மி.மீ. நீளம், 1200 மி.மீ. அகலமுள்ள கொடியில் சக்கரத்தின் விட்டம் 370 மி.மீ. இதையே பிக்ஸலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆரங்கள் 24, எண்ணிப் பாருங்கள். அலை அடித்தபின் எண்ண முடியாது. கொடியைச் சுற்றி நாலாபுறமும் 200 பிக்ஸல் காலி இடம் விடுங்கள். இல்லாவிட்டால் அலையின் முகடு வெட்டுப்படும்.

இரண்டாவது, அதே அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். இதுதான் சூட்சுமம். முழுவதையும் நடுச்சாம்பலால் நிரப்புங்கள். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என்றால் நடுச்சாம்பல் 128. அதன்மேல் சற்றுச் சாய்வாக இரண்டு கரும்பட்டையும் இரண்டு வெண்பட்டையும் மாறிமாறி வரைந்து, 'காஸியன் ப்ளர்' போட்டு நன்றாக மங்கலாக்குங்கள். கம்பத்துப் பக்கம் வரவரப் பட்டைகள் சாம்பலில் கரைந்துபோக வேண்டும். இதைத் தனி ஃபைலாகச் சேமியுங்கள்.

மூன்றாவது, கொடிப் படத்துக்குத் திரும்பி 'டிஸ்பிளேஸ்' என்ற ஃபில்டரைக் கூப்பிடுங்கள். போட்டோஷாப்பில் அது 'டிஸ்டார்ட்' தலைப்பின்கீழ் இருக்கும், ஜிம்ப்பில் 'மேப்' தலைப்பின்கீழ். சாம்பல் படத்தை அதற்குக் காட்டுங்கள். 128 உள்ள இடத்தில் கொடி அசையாது. கறுப்பு ஒரு பக்கம் தள்ளும், வெள்ளை எதிர்ப்பக்கம் தள்ளும். போட்டோஷாப்பில் கிடைமட்டத்துக்கு 0, செங்குத்துக்கு 50 கொடுத்தால் அதிகபட்சம் சுமார் 64 பிக்ஸல் நகரும். அதுவே தாராளம். கம்பத்தோரம் நீங்கள் சாம்பலாகவே விட்டுவைத்ததால் அங்கே கொடி கட்டுண்டு நிற்கும்.

நான்காவது, நிழல். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அதே சாம்பல் படத்தைக் கொடியின்மேல் தனி லேயராகப் போட்டு, 'ஸாஃப்ட் லைட்' முறைக்கு மாற்றி, அடர்த்தியைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். அப்படியே விட்டால் முகடு முழுக்க ஒரு நிறம், பள்ளம் முழுக்க இன்னொரு நிறம் என்று செயற்கையாகத் தெரியும். நிஜத்தில் வெளிச்சம் மடிப்பின் உயரத்தைப் பார்ப்பதில்லை, சரிவைப் பார்க்கிறது. சூரியனைப் பார்த்த சரிவு பளிச்சிடும், மறுசரிவு இருளும். எனவே நிழல் லேயரை அலையின் கால்பங்கு தூரம் பக்கவாட்டில் நகர்த்துங்கள். தகரம் துணியாக மாறும்.

கடைசியாக ஒரு சோதனை. நெய்யாறு கடலில் கலக்கும் பூவார் பொழியில் நிற்கிறவருக்குக் காற்றின் திசை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பகலில் கடலிலிருந்து கரைக்கு வீசும், இரவில் கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். போர்டின் பின்னணியில் தென்னை ஓலை வலப்பக்கம் சாய்ந்திருக்க, கொடி மட்டும் இடப்பக்கம் பறந்தால் கரையில் இருக்கும் சிறுவனே சிரிப்பான்.

இவ்வளவும் கைத்திறன். இதற்கு மேல் ஒரு விஷயம் இருக்கிறது. 'படம்தானே, கொடியா என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. எந்தப் பொருளில் செய்த, எந்தப் பொருள்மேல் வரைந்த கொடியின் ஓவியமும் புகைப்படமும் அந்தச் சட்டத்தின் பார்வையில் கொடிதான். அவமதித்தால் மூன்றாண்டுவரை சிறை. கொடியின்மேல் எழுத்துப் பொறிப்பதும், வண்டி, ரயில், படகின்மேல் அதைப் போர்த்துவதும், வேண்டுமென்றே தரையில் படவிடுவதும் அவமதிப்புப் பட்டியலில் உள்ளன. 2002 ஜனவரி 26இல் நடப்புக்கு வந்த கொடி விதித்தொகுப்பு, எந்த வடிவ விளம்பரத்திலும் கொடியைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. 2021 டிசம்பரில் பாலியஸ்டர் துணிக்கும் மெஷின் தயாரிப்புக்கும் அனுமதி வந்தது. 2022 ஜூலையில் இரவிலும் பறக்கவிடலாம் என்றானது. இந்தத் தளர்வுகள் விளம்பரத்துக்கு வரவில்லை.

ஆகவே வெள்ளைப் பட்டையில் தலைவரின் முகத்தை ஒட்டி, பச்சைப் பட்டையில் நகைக்கடையின் பெயரைப் போடச் சொல்லும் வாடிக்கையாளருக்கு டிசைனர் 'முடியாது' என்று சொல்லலாம். சட்டம் அவர் பக்கம். கொடியைத் தனியே ஒரு மூலையில் வைத்து, வாழ்த்து வாசகத்தை வேறிடத்தில் எழுதினால் குறைந்தபட்சம் கொடியின்மேல் எழுத்து ஏறாது.

போர்டின் பிற்கால வாழ்க்கையையும் யோசிக்க வேண்டும். 2019இல் கேரள அரசு பி.வி.சி. ஃப்ளெக்ஸுக்குத் தடை விதித்தது. அனுமதியில்லாமல் பொது இடத்தில் நடும் கொடிக்கம்பங்கள்மீது 2025இல் கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் கண்டிப்பான உத்தரவுகள் போட்டன. எல்லைக்கு இரண்டு பக்கமும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே குரல். ஆனாலும் விழா முடிந்தபின் அவிழ்த்த ஷீட்டுகளை யாரும் வீணாக்குவதில்லை. விறகின்மேல், மாட்டுக்கொட்டில் கூரையில், கரையேற்றிய வள்ளத்தின் எஞ்சின்மேல் அவை போர்த்தப்படுகின்றன. ஏழைக்கு அது மழையைத் தடுக்கும் ஷீட். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அதில் மூவர்ணம் இருந்தால் பழி அச்சடித்தவருக்கும் அடிக்கச் சொன்னவருக்கும்தான்.

சேதமான கொடியை மரியாதையோடு, தனிமையில், முழுவதுமாக அழித்துவிட வேண்டும் என்பது விதி. ஃப்ளெக்ஸை எரித்தால் நச்சுப் புகை. ஆகவே உங்கள் கொடியை அழகாகப் பறக்கவிடுங்கள், ஆனால் திரையில், வாழ்த்துச் செய்தியில், பள்ளி மாணவரின் பிராஜெக்ட்டில். போர்டில் வேண்டாம். நிஜக் கொடி ஒன்றைக் கம்பத்தில் ஏற்றினால் போதும். பூவாரில் காற்றுக்குப் பஞ்சமில்லை.