உயிர் பிழைத்தது போதாதா என்பவர்களுக்கு

ஜவ்வாது மலைப் பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் குணமானதே பெரிய காரியம், அதற்குப் பின் சிறுநீர் சொட்டுவதையெல்லாம் தனிக் குறையாகப் பேசுவது நகரத்து ஆடம்பரம் என்று ஒரு வாதம் நடமாடுகிறது. மருத்துவம் படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். வாதத்தில் இரக்கமும் இல்லை, அறிவும் இல்லை.

கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்த பிறகும் முதல் இரண்டு ஆண்டுகள் சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு வளைந்து வளைந்து இறங்கும் பேருந்து. அங்கிருந்து வேலூருக்கோ காஞ்சிபுரம் காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ இன்னொரு பேருந்து. புடவை நனைந்துவிடுமோ என்ற பயத்தோடு யார் ஏறுவார்கள்? வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். நோய் திரும்பி வந்தாலும் முற்றிய பிறகுதான் தெரியும். காப்பாற்றிவிட்டோம் என்று நீங்கள் மார்தட்டும் உயிர் அப்படித்தான் கைநழுவுகிறது.

"தண்ணியைக் குறைச்சுக் குடிம்மா" என்பதே இப்படி வாதிடுகிறவர்கள் கைவசமுள்ள வைத்தியம். கதிர்வீச்சில் சிறுநீர்ப்பை சுருங்கி உட்சுவர் புண்பட்டிருக்கும். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து அந்தப் புண்ணை எரிக்கும், அவசரம் கூடும், கிருமித் தொற்றும் சேரும். வெயிலில் சாமை அறுக்கப் போகிறவரிடம் இதைச் சொல்வது தீங்கு.

"வயசானா அப்படித்தான்" என்பது அடுத்த சமாதானம். இருமும்போது சொட்டுவது வேறு. கழிப்பறை போவதற்குள் வந்துவிடுவது வேறு. பெரிய அறுவையில் நரம்பு பாதித்து, பை நிரம்பி வழிவது வேறு. இரவும் பகலும் ஓயாமல் ஒழுகினால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கலாம். அதற்கு அறுவை மருத்துவர் வேண்டும். ரத்தம் கலந்து வந்தால் ஒரு நாளும் தள்ளக் கூடாது. எது என்று விசாரிக்காமலே வயதின் மேல் பழி போடுகிறார்கள்.

இதற்கெல்லாம் வைத்தியம் பார்த்தால் செலவாகுமாம். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் எழுதி வைத்தது 1948இல். ஒண்ணுக்கை அடக்குவதுபோல் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, தளர்த்த வேண்டும். பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை, சில மாதங்கள். எல்லாருக்கும் முழுதாக நின்றுவிடாது, பலருக்குக் குறையும். கருவி எதுவும் வேண்டாம். வீடு தேடி இயன்முறை மருத்துவரை அனுப்பும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. பக்கவாதம் வந்தவருக்குக் கைகால் பயிற்சி தருகிறவர் இதையும் சொல்லித்தரலாம்.

மலையில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கப் போகும் தன்னார்வலப் பெண்களே, புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவரைத் தனியே அழைத்து, "ஒண்ணுக்கு அடக்க முடியுதாம்மா?" என்று கேளுங்கள். அவராகச் சொல்ல மாட்டார்.