காய்ச்சாத சோப்பு

மாணவிகள் தம் கையால் சோப்பு செய்து பள்ளிக் கண்காட்சியில் வைக்கலாமா என்ற கேள்வி சென்ற ஆண்டு எழுந்தது. பிளஸ் டூ பிள்ளைகள் ஆவலோடு கேட்டனர், நானும் சரியென்றேன். மறுநாளே ஒரு மாணவியின் தாயார் வந்துவிட்டார். “காஸ்டிக் சோடாவைப் பொம்பளைப் பிள்ளை கையில் கொடுக்கப் போகிறீர்களாமே, டீச்சர்! முகத்தில் தெறித்தால் யார் பதில் சொல்வது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேனே தவிர, சரியான பதில் கூறவில்லை. இக்கட்டுரையை அந்தப் பதிலாகக் கொள்ளலாம்.

அதே வாரத்தில் இன்னொரு மாணவி தன் அக்காவின் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினாள். ‘இரசாயனமே கலக்காத வீட்டுச் சோப்பு’ என்பது அதன் தலைப்பு. கடையில் வாங்கிய வெள்ளைக் கட்டியை ஒரு பெண்மணி உருக்கி, கற்றாழைச் சாற்றைக் கலந்து, அச்சில் ஊற்றினார். அந்த வெள்ளைக் கட்டி வானத்திலிருந்தா விழுந்தது? எங்கோ ஓர் ஆலையில் காரமும் கொழுப்பும் சேர்ந்து உருவானதுதான் அது. தாயார் காஸ்டிக் சோடாவைக் கண்டு அஞ்சினார். காணொளியோ அதை மறைத்தது. இரண்டில் மறைப்பதே அதிகக் கெடுதி என்பது என் கருத்து. அஞ்சுகிறவர் எச்சரிக்கையாக இருப்பார். அறியாதவர் எதில் எச்சரிக்கையாக இருப்பார்?

காரமில்லாமல் சோப்பு இல்லை. எண்ணெயும் காரமும் வினைபுரிந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறுகின்றன. இதை ஆராய்ந்து தெளிவாக்கியவர் பிரெஞ்சு வேதியியலார் ஷெவ்ரல். அவருடைய நூல் 1823-இல் வெளியாயிற்று. நம் ஊர்ப்பக்கம் துணி வெளுத்தவர்கள் அதற்கும் வெகு காலம் முன்பிருந்தே உவர்மண்ணைப் பயன்படுத்தி வந்தனர். ஆகவே காரம் நமக்குப் புதிதல்ல.

அதிலும் காரைக்குடிப் பிள்ளைகள் காஸ்டிக் சோடாவை அறியாமல் வளர்வது விந்தையே. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடா தயாரிக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்தில் இதற்கென்று ஆலை உண்டு. இத்தொழிலில் கிராஃபைட் மின்முனைக்குப் பதிலாக டைட்டானிய மின்முனையைக் கொண்டுவர உழைத்த ஆய்வுக்கூடங்களுள் ஒன்று நம் ஊரில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்த நிலையம் அது. அதன் வாசல் வழியே தினமும் பஸ்ஸில் போகும் பெண்ணிடம் ‘காஸ்டிக் சோடாவைத் தொடாதே’ என்று மட்டும் சொல்லி அனுப்பலாமா?

இனி முறைக்கு வருவோம். அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல், வினையில் பிறக்கும் வெப்பத்தைக் கொண்டே செய்வதால் இதைக் குளிர்முறை என்பர். எல்லாம் நிறுப்பதில்தான் இருக்கிறது. 1 கிலோ தேங்காயெண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். 1 கிலோ நல்லெண்ணெய்க்கோ ஏறக்குறைய 134 கிராம் போதும். தேங்காயெண்ணெய்க் கணக்கை நல்லெண்ணெய்க்குப் போட்டால் 49 கிராம் காரம் வினைபுரியாமல் சோப்பிலேயே தங்கி, தோலை அரிக்கும். ‘எந்த எண்ணெயானாலும் இத்தனை கரண்டி’ என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

வேதியியல் ஆசிரியையான நானே இதில் சறுக்கியிருக்கிறேன். துணி துவைக்கும் சோப்பு செய்ய, 1 லிட்டர் தேங்காயெண்ணெய் பாக்கெட்டைக் கொட்டி, 183 கிராம் காஸ்டிக் சோடாவையும் நுணுக்கமாக நிறுத்துப் போட்டேன். 1 லிட்டர் எண்ணெயின் எடை ஏறக்குறைய 920 கிராம்தான் என்பது, இரண்டு துணி துவைத்துக் கை எரிந்த பிறகே உறைத்தது! வகுப்பில் அடர்த்தியைப் பற்றி எத்தனை முறை பாடம் நடத்தியிருப்பேன்!

முதன்முறை செய்பவர் குறைவாகவே தொடங்கட்டும். 500 கிராம் தேங்காயெண்ணெய்க்கு முழுக் கணக்கு 91 கிராம் வரும். ஆனால் தேங்காயெண்ணெய்ச் சோப்பு தோலை வறட்டும்; ஆதலால் குளியல் சோப்புக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைத்து 73 கிராம் காஸ்டிக் சோடா போதும். தண்ணீர் 165 கிராம். வளவில் பிடித்த மழைத்தண்ணீர் கிடைத்தால் மிக நல்லது. தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். ஒருபோதும் காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, பொங்கித் தெறிக்கும். அடுப்பில்லாமலே கொதிநீர் போலச் சூடேறும். ஆவியை முகர வேண்டாம். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் அணியாமல் மூடியையே திறக்காதீர்கள். பட்டுவிட்டால் எலுமிச்சம்பழத்தையும் வினிகரையும் தேடாமல், ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும்; கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து செய்யும்போது நேர்வதன்று, செய்து முடித்த பின் நேர்வது. மிஞ்சிய கரைசலைத் தண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றி வைப்பதும், வெயிலில் ஓடிவந்த சிறுபிள்ளை அதை எடுத்துக் குடிப்பதும்! தேவையான அளவே கரையுங்கள், மிச்சம் வைக்காதீர்கள். அந்தத் தாயாருக்கு நான் அன்றே சொல்லியிருக்க வேண்டியது இது.

கரைசலும் எண்ணெயும் வெதுவெதுப்பாக ஆறியபின் ஒன்றாக்கிக் கடைந்தால், மோர்க்குழம்பு போல் இறுகி, கரண்டியிலிருந்து வடிவது மேலே ஒரு கோடாகச் சற்று நிற்கும். அதுவே பதம். அச்சில் ஊற்றி, மறுநாள் உறை அணிந்த கையால் துண்டு போட்டு, நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட வைக்க வேண்டும். இந்தக் காத்திருப்பில்தான் நம் பிள்ளைகள் தோற்றுப்போவார்கள் என்று நினைக்கிறேன். சாம்பல் புதனன்று ஊற்றினால் உயிர்ப்பு ஞாயிறு வரை 46 நாள். கணக்கு சரியாக வருகிறது. ஒரு துண்டை ஆல்கஹாலில் கரைத்து ஃபீனால்ஃப்தலீன் விட்டுப் பார்க்கலாம். நிறமற்று நின்றால் தனிக்காரம் இல்லை. இளஞ்சிவப்பானால் அந்தச் சோப்பைக் குளிக்க எடுக்கக் கூடாது.

இதனால் பணம் மிச்சமா என்றால், இல்லை. எண்ணெய் விற்கும் விலையில் கடைச் சோப்பே மலிவு. ஆலைகள் பிரித்து விற்கும் கிளிசரின் நம் சோப்பிலேயே தங்கிவிடும் என்பது உண்மை. அதற்காக முகம் சிவக்கும், முடி வளரும் என்றெல்லாம் எழுதி ஒட்டுவது பொய். விற்க நினைப்பவர் இன்னொன்றும் அறிய வேண்டும்: குளியல் சோப்பு தயாரித்து விற்க அரசாங்க உரிமம் தேவை. ஆகவே நம் சோப்புகளைக் கண்காட்சியில் விலைக்கு வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

எம்பிராய்டரியும் தையலும் சொல்லித் தரும் பள்ளியில் தராசு பிடிக்கவும் சொல்லித் தரலாம் என்பதே என் வாதம். வரும் சாம்பல் புதனன்று பள்ளி விட்டபின் ஆய்வகத்தில் ஊற்றப் போகிறோம். அந்தத் தாயாரும் வந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அவருக்கும் ஒரு கண்ணாடி எடுத்து வைத்திருக்கிறேன்.

– வேதியியல் ஆசிரியை