இல்லத் தோட்டம்: கழித்து வைத்த ரோஜாச் செடிகள்

சென்ற ஆண்டு ஆனித் திங்களில் நாற்றுப் பண்ணை ஒன்றுக்குச் சென்றிருந்தோம். வாயிலருகே பூத்து நின்ற ரோஜாச் செடிகள் ஒவ்வொன்றும் 150 ரூபாய். பண்ணையின் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால், இலையுதிர்ந்து வெறுங்குச்சியாய் நின்ற சில செடிகள் கேட்பாரற்றுக் கிடந்தன. விலை கேட்டோம். “அது கோடையில் வாடிப்போன சரக்கம்மா. வேண்டுமானால் 30 ரூபாய் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். பிழைக்கும் என்று நான் சொல்லமாட்டேன்” என்றார் காவலிருந்த பெரியவர். அவருடைய நேர்மையை நம்பி நான்கு செடிகளை வாங்கி வந்தோம்.

அந்நான்கில் இரண்டே இன்று பூக்கின்றன. ஒன்று நம் அவசரத்தால் மடிந்தது. மற்றொன்றோ, உயிரோடிருந்தும், நாம் வாங்கிய ரோஜாவாக இல்லை. மலிவு கருதிச் செடி வாங்கும் இல்லத்தார்க்கு நம் வெற்றியைக் காட்டிலும் தோல்வியே மிகுதியாய்ப் பயன்படுமென எண்ணி, இரண்டையும் மறைக்காது எழுதுகிறோம்.

முதலில், இச்செடிகள் ஏன் வாடுகின்றன என்பதை அறிதல் வேண்டும். நம் ஊர்ப் பண்ணைகளுக்கு வரும் ரோஜாச் செடிகளுள் பல, ஓசூர், பெங்களூர்ப் பகுதிகளில் வளர்க்கப்பட்டவை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தின் குளுமையில் வளர்ந்த செடி, சமவெளியின் கோடையில் திடுமென வந்து நிற்கிறது. அதன் வேரைச் சுற்றியுள்ள செம்மண் உருண்டையோ ஒருமுறை காய்ந்து இறுகிவிட்டால், மேலே ஊற்றும் நீர் உள்ளே புகாமல் பையின் ஓரமாய் வழிந்தோடிவிடுகிறது. நாள்தோறும் நீர் வார்த்தும் செடி தாகத்தால் வாடுவது இதனாலேதான்.

வாங்குமுன் செய்யவேண்டிய சோதனை எளிது. தண்டின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாய்க் காய்ந்திருந்தால் அப்பகுதி பட்டுப்போயிற்று. நுனியிலிருந்து அடிவரை கீறிக்கொண்டே வந்து, அடித்தண்டில் முடிச்சுப்போல் தடித்திருக்கும் ஒட்டுப் பகுதிக்கு மேலே பச்சை இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேலே ஒன்றும் மிஞ்சவில்லையெனில், விலையின்றிக் கொடுத்தாலும் அச்செடி வேண்டா.

காரணம் இது. கடையில் கிடைக்கும் பெரும்பாலான ரோஜாக்கள், வலிய காட்டு ரோஜாவின் வேர்த்தண்டில் நல்லினத்தின் மொட்டை வைத்து ஒட்டியவை. மேற்பகுதி மடிந்தாலும் கீழே உள்ள காட்டு வேர் பிழைத்துத் துளிர்க்கும். நம் மூன்றாவது செடியில் தளிர் கண்டு எத்துணை மகிழ்ந்தோம்! இரண்டு திங்கள் நீர் வார்த்துப் பேணிய பின்னரே, அத்தளிர்கள் ஒட்டுக்குக் கீழிருந்து வந்தவை என்பதைக் கண்டோம். காம்பில் ஏழும் ஒன்பதுமாய்ச் சிற்றிலைகள் இருந்தன. எனினும் இலையெண்ணிக்கை எப்போதும் திண்ணமான அடையாளமன்று. தளிர் எங்கிருந்து புறப்படுகிறது என்பதே உறுதியான சான்று. நல்லினம் உயிரோடிருக்கும்போது இத்தளிர்கள் தோன்றினால், அவற்றை அடியோடு பிய்த்தெறிதல் வேண்டும். இன்றேல் உணவையெல்லாம் அவையே உண்டுவிடும்.

இனி, மருத்துவம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பையோடு ஒரு வாளி நீரில் அமிழ்த்தி, குமிழிகள் அடங்கும்வரை, ஏறத்தாழ அரைமணி நேரம் வையுங்கள். இறுகிய மண் அப்போதுதான் நனையும். பின்னர்ப் பட்டுப்போன கிளைகளைக் கூரிய கத்தரியால் வெட்டுங்கள். வெட்டுவாயின் நடுவே பழுப்பு நிறம் தெரிந்தால் இன்னும் கீழே வெட்டவேண்டும். வெண்மை தெரியுமிடத்தில் நிறுத்தலாம். வெளிப்புறம் நோக்கிய கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுவது நன்று. நுனிக்கருகல் நோய் கீழே இறங்காதிருக்க, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுவது தோட்டக்காரர் வழக்கம்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு எனக் கலந்து, அடியில் துளையுள்ள 12 அங்குலத் தொட்டியில் நடுங்கள். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் இளநிழல். பிறகு சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி, நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் படுமாறு வைக்கவேண்டும். நீரைக் காலையில் மண்ணில் ஊற்றுங்கள், இலையில் தெளிக்கவேண்டா. ரோஜாவின் கரும்புள்ளி நோய் பற்றுவதற்கு இலை ஏழு மணி நேரமேனும் ஈரமாயிருத்தல் வேண்டும். மாலையில் நனைத்தால் அவ்வாய்ப்பை நாமே அளித்தவராவோம்.

இனி, நம் குற்றம். செடி மெலிந்திருக்கிறதே என்று இரக்கப்பட்டு, நட்ட அன்றே முதற் செடிக்கு இரண்டு கரண்டி யூரியா இட்டோம். ஐந்தாம் நாள் எஞ்சிய பச்சையும் கருகிற்று. மண்ணில் உப்பு மிகுந்தால், வேர் நீரை உறிஞ்சுவதற்கு மாறாக, வேரிலிருந்தே நீர் வெளியே இழுக்கப்படுகிறது. நோயாளிக்கு முதல் நாளே விருந்து வைத்த கதையாயிற்று. புதுத் தளிர் ஒரு சாண் வளரும்வரை எவ்வுரமும் வேண்டுவதில்லை. முதலில் தோன்றும் மொட்டுகளையும் கிள்ளிவிடவேண்டும். அதற்கு மனம் வராது. ஆயினும், வேர் ஊன்றுமுன் பூக்கவிட்டால் செடி மீண்டும் தளரும்.

ஜெர்மனியில் ஹில்டஸ்ஹைம் நகரப் பேராலயத்தின் சுவரோரம், பழமைமிக்க ரோஜாச் செடி ஒன்று உண்டு. 1945 மார்ச் 22 அன்று நேர்ந்த குண்டுவீச்சில் ஆலயம் இடிந்து, செடியும் எரிந்து இடிபாடுகளுக்குள் புதையுண்டது. அவ்வாண்டின் வசந்தம் முடியுமுன்னே வேரிலிருந்து புதுத் தளிர்கள் எழுந்தன. இன்றும் அது பூக்கிறது. அது ஒட்டுச் செடியன்று; தன் சொந்த வேரில் நிற்கும் காட்டு ரோஜா. ஆகவே வேரிலிருந்து எழுந்ததும் அதே ரோஜாவாய் இருந்தது. நம் தொட்டிச் செடிக்கு அப்பேறு இல்லை. அதன் மேற்பகுதியையும் காத்தாலன்றிப் பயனில்லை.

பணக் கணக்கில் நமக்கு ஆதாயம் பெரிதன்று. நான்கு செடிகளுக்கும் 120 ரூபாய், தொட்டிகளுக்கோ அதனினும் மிகுதி. ஆயினும் ஐப்பசி மழைக்குப்பின் முதற்பூ மலர்ந்தபோது, அது வெள்ளையா சிவப்பா என்பதைக்கூட அன்றுதான் அறிந்தோம். இளஞ்சிவப்பு. பண்ணைப் பெரியவருக்கும் அது தெரிந்திராது.