மேடையில் நிற்கத் தகுந்தவர் யார்?

1965 மார்ச் 24ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மாண்ட்கோமரியில், செயின்ட் ஜூட் வளாகத்துச் சேற்று நிலத்தில் பல்லாயிரவர் கூடியிருந்தனர். வாக்குரிமை வேண்டிச் செல்மாவிலிருந்து நான்கு நாள்களாக நடந்து வந்தவர்களும், வழியில் அவர்களோடு சேர்ந்துகொண்டவர்களும் அவர்கள். நடந்து களைத்த அம்மக்களுக்கு ஊக்கமூட்டப் பாடகர் ஹாரி பெலஃபான்டே கலைஞர்களைத் திரட்டி வந்திருந்தார். ஆனால் மேடை இல்லை. கறுப்பின மக்களின் ஈமச்சடங்கு நிலையத்திலிருந்து வெற்றுச் சவப்பெட்டிகளைக் கொணர்ந்து அடுக்கி, அவற்றின்மேல் பலகை பரப்பினர். அதன்மீது நின்று நீனா சிமோன் பாடினார். டோனி பென்னெட் பாடினார். மறுநாள் இரவே, பேரணிக்கு வந்தோரைத் தம் காரில் ஏற்றிச் சென்று உதவிய வயோலா லியூசோ என்னும் ஐந்து பிள்ளைகளின் தாய், வெள்ளை நிறவெறியரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

உரிமைக்காக நடத்தும் இசைநிகழ்ச்சியில் பாடத் தக்கவர் யார் என்ற வினா எழும்போதெல்லாம் நம் நெஞ்சில் வந்து நிற்பது அந்தச் சவப்பெட்டி மேடையே. சிமோன் கறுப்பினத்தவர், பென்னெட் வெள்ளையர். அவர்களுக்குத் தகுதி தந்தது தோலின் நிறமன்று. உயிருக்கே ஊறு நேரலாம் என்று அறிந்தும் வந்து உடன்நின்ற துணிவே அத்தகுதி. பின்னாளில் அறத்தின் பெயரால் எழுந்த பெருமேடைகள் சில இந்த அளவுகோலைக் கைவிட்டன என்பதை வருத்தத்தோடு கூறுகிறோம்.

தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு, 'தாயகம்' என்ற பெயரில் கறுப்பின மக்களை ஒதுக்கித் தள்ளிய நிலப்பகுதிகளுள் ஒன்று போபுதட்ஸ்வானா. அங்கே செல்வர்களுக்காக எழுந்த கேளிக்கை நகரே சன் சிட்டி. அந்நாட்டில் நிகழ்ச்சி நடத்த வேண்டா என்று ஐக்கிய நாடுகள் அவை உலகக் கலைஞர்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆயினும் 1984 அக்டோபரில் பிரிட்டனின் குவீன் குழு சன் சிட்டியில் பாடியது. பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கம் அதற்காக அபராதம் விதித்தது. ஒன்பது திங்கள் கழித்து, 1985 ஜூலை 13 அன்று, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த 'லைவ் எய்டு' நிகழ்ச்சியில் அதே குழு வெம்பிளி அரங்கின் மேடையேறியது. அன்று அவர்கள் பாடிய திறத்தை உலகம் இன்றும் போற்றுகிறது. அத்திறத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் ஆப்பிரிக்கரின் பசிக்கு இரங்கும் மேடையில் ஏறுமுன், ஆப்பிரிக்கரை இழிவுபடுத்திய ஆட்சியின் நிழலில் பாடியதற்கு விடை கூறும் கடமை அவர்களுக்கு இருந்தது. அவ்விடையைக் கேட்டுப் பெறும் கடமை அமைப்பாளருக்கு இருந்தது.

2005 ஜூலை 2 அன்று நடந்த 'லைவ் 8' நிகழ்ச்சியும் ஆப்பிரிக்காவின் கடன்சுமையை நீக்கக் கோரியதே. ஆனால் இலண்டன் ஹைடு பூங்கா மேடைக்கு அறிவிக்கப்பட்ட பெயர்களுள் ஆப்பிரிக்கர் எங்கே என்று பலரும் கேட்டனர். கேள்வி வலுத்த பிறகு, தொலைவிலுள்ள கார்ன்வாலின் ஈடன் வளாகத்தில் அவர்களுக்கெனத் தனி நிகழ்ச்சி ஏற்பாடாயிற்று. மணவீட்டாரைத் திண்ணையில் அமர்த்திவிட்டு விருந்தினர் கூடத்தில் பந்தி பரிமாறிக்கொண்டது போன்ற செயல் அது.

இக்கவலை புதிதன்று. 1963 ஆகஸ்ட் 28 அன்று கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணியில் மகேலியா ஜாக்சனும் மரியன் ஆண்டர்சனும் பாடினர். பாப் டிலனும் ஜோன் பாயெசும் பாடினர். அதே ஆண்டு போராட்டத்தில் சிறை சென்றிருந்த நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரெகரி, வெள்ளைப் பாடகர்கள் துணை நிற்பதை வரவேற்றார். ஆனால் முன்னே வந்து நிற்பதை ஏற்கவில்லை. டிலனின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. எனினும் கிரெகரி எழுப்பிய முறைப்பாடு நியாயமானது.

பெரும்புகழ் பெற்றவர் வந்தால்தான் கூட்டம் வரும், நிதி சேரும், தொலைக்காட்சிகள் ஒளிபரப்பும் என்பது அமைப்பாளர் கூறும் மறுமொழி. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 1988 ஜூன் 11 அன்று, சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாளுக்காக அதே வெம்பிளியில் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். ஸ்டீவி ஒண்டரின் கருவிக்குரிய இசைப்பதிவுகள் காணாமற்போகவே, அவர் குறித்த நேரத்தில் பாட இயலவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப, முன்னரே ஒருமுறை பாடி இறங்கியிருந்த டிரேசி சாப்மன் மீண்டும் அழைக்கப்பட்டார். அன்றுவரை அதிகம் அறியப்படாத இளம் கறுப்பினப் பெண். துணைக்கு ஒற்றைக் கிதார் மட்டுமே. அந்தப் பேரரங்கு அவருக்குச் செவிசாய்த்தது. உலகம் அவர் பெயரை அறிந்துகொண்டது. மக்கள் கேட்க மாட்டார்கள் என்று முடிவுகட்டுவோர், மக்களுக்குக் கேட்கும் வாய்ப்பைத் தந்து பார்த்தார்களா?

ஆதலின், உரிமைக்காக மேடை அமைப்போரிடம் நாம் வேண்டுவது மூன்று. எம்மக்களுக்காக நிதி திரட்டப்படுகிறதோ, அம்மக்களின் சார்பாளர் கலைஞரைத் தெரிவு செய்யும் குழுவில் அமரட்டும். அவர்தம் கலைஞருக்கு மாலையின் முதன்மை நேரம் ஒதுக்கப்படட்டும். அநீதியின் அரங்கில் ஊதியம் பெற்றுப் பாடியவர் வர விரும்பினால், முதலில் அதே மக்கள் முன் தம் பிழையை ஒப்புக்கொண்டு, பிறகு பாடட்டும். திருந்தி வருவோரைத் தடுப்பது அறமன்று. கேளாமலே ஏற்றிவிடுவதும் அறமன்று. இம்மூன்றையும் செய்தால் நுழைவுச்சீட்டு சில குறையலாம். அந்தக் குறைவை ஏற்றுக்கொள்ளும் துணிவு அமைப்பாளருக்கு வேண்டும்.