கணினிக்கும் கம்பி விட்டு வைக்கலாம்

பிள்ளை உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவை எடுத்ததும் வீட்டில் எழும் அடுத்த கேள்வி, "எந்தக் கணினி வாங்குவது?" கல்லடியில் இந்தக் கேள்வி என்னிடமும் வரும். கேட்பவர் பெரும்பாலும் தாய். நகையை அடகு வைத்தோ, சீட்டுக்காசை எடுத்தோ, தவணைக்கோ வாங்கப்போகும் பொருள் அது. பிழைத்துப்போனால் இரண்டாவது தடவை வாங்க முடியாது.

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதிப் பொருளான கணினியின் விலையும் அதோடு ஏறியது. அதற்கு முன்னரே கிழக்கின் பெண்கள் நுண்கடனில் மூழ்கியிருந்தனர். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை 2018இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டியிருந்தது. இந்த நிலையில், கணினி எத்தனை வருடம் உழைக்கும் என்பது கடனோடு கட்டுண்ட கேள்வி.

ஆனால் கடையில் கேட்பது "ஐ3, 8 ஜிபி" என்ற கணக்குத்தான். பின்னர் நினைவகம் கூட்டலாமா, வன்தட்டை மாற்றலாமா என்று விற்பவர் சொல்வதில்லை. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கிய அளவுதான் கடைசிவரை. பாவித்த மேசைக் கணினியில் வெற்று இடம் இருக்கலாம். ஆனாலும் பார்வைக்கு அழகான மடிக்கணினிதான் விலைபோகிறது.

இந்த இழுபறி பழையது. 1977இல் வந்த அப்பிள் 2 கணினியில் கூடுதல் அட்டைகளுக்கு 8 இடங்கள் இருந்தன. 1981இல் வந்த ஐபிஎம் கணினியில் 5. அதை விற்க ஐபிஎம் சாப்ளினின் நாடோடி வேடத்தைத்தான் விளம்பரத்தில் பயன்படுத்தியது. சாதாரண மக்களுக்கு அட்டைகளின் கணக்கு தேவைப்படவில்லை. பயமின்றித் தொடலாம் என்ற நம்பிக்கையே தேவைப்பட்டது. 1984இல் அப்பிள் வெளியிட்ட மக்கின்டொஷ் அந்த நம்பிக்கையைத் தந்தது, ஆனால் பெட்டியை மூடிவிட்டது. அதன் 128 கிலோபைட் நினைவகம் போதாமல், அதே ஆண்டில் 512 கிலோபைட் மாதிரி வந்தது.

விரிவாக்கத்தைத் தொழில்நுட்பமாக விளக்கினால் எங்கள் தாய்மாருக்குப் புரியாது என்று நினைப்பது தவறு. போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்தில் 5,50,000 ரூபா மானியத்தில் எழுந்த வீடுகளைப் பாருங்கள். கையில் காசு வரும்போது குசினி, பிறகு விறாந்தை என்று கூட்டிக் கட்டியவர்கள் எத்தனை பேர்! மேல்மாடி எழுப்ப நினைப்பவர் தூணில் கம்பியை நீட்டி விட்டு வைப்பார். "இந்தக் கணினிக்குக் கம்பி விட்டிருக்கிறது, அந்தக் கணினிக்கு இல்லை" என்றால் யாருக்கும் விளங்கும்.

அத்திவாரம் பழையதென்றால் கம்பி உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. பொதுவாக இன்டெலின் 8ஆம் தலைமுறைக்கு முந்திய கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. எவ்வளவு நினைவகம் கூட்டினாலும் அது மாறாது. அவற்றில் லினக்ஸ் ஓடும், ஆனால் அதைப் பழக்க ஆள் வேண்டும். 2025 இறுதியில் உலகச் சந்தையில் நினைவகத்தின் விலை ஏறியதால், "பிறகு கூட்டலாம்" என்பது எப்போதும் மலிவான வழியும் அல்ல.

பிரான்சில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி போன்ற பொருட்களின் விலையோடு, அவற்றைத் திருத்துவது எவ்வளவு இலகு என்பதற்கு 10இற்கு ஒரு புள்ளியும் காட்ட வேண்டும். இங்கே அப்படிச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கடைக்காரர் மூன்று வரி எழுதி ஒட்டினால் போதும்: நினைவகம் எவ்வளவு வரை கூட்டலாம், வன்தட்டை மாற்றலாமா, எந்தத் தலைமுறை.

பாடசாலைகளுக்குக் கணினி அனுப்பும் புலம்பெயர்ந்த உறவுகளும் இதே மூன்றையும் கேட்டு வாங்கலாம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில், உப்புக்காற்றில் பாவிக்கப்போகும் பொருள் அது. பழுதானால் திறந்து திருத்தக்கூடிய பெட்டிதான், கடன் கட்டி முடிந்த பிறகும் பிள்ளையின் மேசையில் இருக்கும்.